துளையுள்ள கண்ணாடிக்குள் ஒளிக்கு ஒரு பாதை

சிலிக்கா கண்ணாடி ஒளியைத் தடுக்காது. ஒரு பக்கம் வந்த ஒளி அப்படியே மறுபக்கம் போய்விடும். அந்தக் கண்ணாடியின் வயிற்றுக்குள், மேல்பரப்பில் ஒரு கீறல்கூட விழாமல், ஒளியாலேயே கோடு போட முடியும் என்று 1996ல் ஜப்பானின் கியோட்டோவில் ஹிராவோ குழு காட்டியது. டேவிஸ், மியூரா, சுகிமோட்டோ, ஹிராவோ என நான்கு பேர் எழுதிய, சில பக்கங்களே உள்ள ஆய்வுக் கட்டுரை அது. ஒளியை மிக மிகக் குறுகிய துடிப்புகளாக விடும் ஃபெம்டோசெகண்ட் லேசரைக் கண்ணாடிக்குள் குவித்துக்கொண்டு கண்ணாடியை மெல்ல நகர்த்தினார்கள். குவிமையம் போன வழியெல்லாம் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, கொஞ்சம் கூடியது. கூடிய இடம் ஒளிக்குப் பாதையானது. ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மறுமுனைக்கு வந்து சேர்ந்தது. இதைத்தான் அலைவழி என்கிறோம். ஆய்வகப் பேச்சில் வேவ்கைட்.

இந்தத் துறைக்குள் என்னை இழுத்தது அந்தக் கட்டுரைதான். ஆனால் இன்றுவரை என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொரு கண்ணாடி: உடம்பெல்லாம் துளையாக இருக்கும் கண்ணாடி. அதற்குள் வரையும் அலைவழிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எங்கள் துறையிலேயே பலர் அவற்றை ஓரமாக ஒதுக்கி வைக்கிறார்கள். அது சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் லேசர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சிலிக்காவில் ஓர் எலெக்ட்ரானை அதன் இடத்திலிருந்து கிளப்ப சுமார் 9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இன்று நிறைய ஆய்வகங்களில் இருக்கும் இட்டர்பியம் லேசரின் ஒளி 1030 நானோமீட்டர். அதில் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது 1.2 எலெக்ட்ரான் வோல்ட். தனி ஃபோட்டானால் எலெக்ட்ரானை அசைக்க முடியாது. கண்ணாடி தெளிவாக இருப்பதே அதனால்தான். எட்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தால் 9.6 ஆகிறது, எலெக்ட்ரான் கிளம்பிவிடுகிறது. சாதாரண வெளிச்சத்தில் இப்படி எட்டும் சேர வாய்ப்பே இல்லை.

வாய்ப்பை உண்டாக்க ஒளியை நேரத்திலும் இடத்திலும் நெருக்க வேண்டும். ஒரு துடிப்பில் 300 நானோஜூல் ஆற்றல், துடிப்பின் நீளம் 300 ஃபெம்டோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் அந்தக் கணத்தின் சக்தி 10 லட்சம் வாட். அதை ஒரு மைக்ரான் ஆரமுள்ள புள்ளியில் குவித்தால், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 30 லட்சம் கோடி வாட் வருகிறது. விநாடிக்கு 5 லட்சம் துடிப்புகள் விட்டாலும் சராசரி சக்தி 0.15 வாட்தான். குவிமையத்தை விட்டு சில மைக்ரான் தள்ளிப் போனால் அந்தச் செறிவு இல்லை, எட்டு ஃபோட்டான்கள் சேர்வதும் இல்லை. ஆகவே மேல்பரப்பைத் தொடாமல் உள்ளே ஒரு புள்ளி மட்டும் மாறுகிறது. இப்படிப்பட்ட துடிப்புகளை, லேசரே உடைந்துபோகாமல் பெருக்கும் வழியை 1985ல் ராச்செஸ்டரில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூருவும் கண்டுபிடித்தார்கள். 2018ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிளம்பிய எலெக்ட்ரான்கள் சில பிக்கோ விநாடிகளில் தங்கள் ஆற்றலைக் கண்ணாடியின் அணுக்களிடம் கொடுத்துவிடும். அந்தச் சிறு இடம் உருகும் அளவுக்குச் சூடாகி, மைக்ரோ விநாடிக் கணக்கில் ஆறிவிடுகிறது. சிலிக்காவின் ஒரு வினோத குணம், நிதானமாக ஆறியதைவிடச் சட்டென்று உறைந்தது சற்று அடர்த்தியாக இருக்கும். அடர்த்தி கூடினால் ஒளிவிலகல் எண்ணும் கூடும். ஆனால் எவ்வளவு கூடும்? திண்மமான சிலிக்காவில் பெரும்பாலும் ஆயிரத்தில் சில பங்குதான். அணுக்கள் நெருங்க வேண்டுமென்றால் நெருங்குவதற்கு இடம் வேண்டும். திண்மக் கண்ணாடியில் அது இல்லை. வேறுபாடு இவ்வளவு குறைவாக இருந்தால் ஒளியின் பிடியும் தளர்வாகவே இருக்கும். பாதையைக் கொஞ்சம் இறுக்கமாக வளைத்தால் ஒளி வெளியே போய்விடும். சென்டிமீட்டர் கணக்கில் ஆரம் வைத்து, நிதானமாகத்தான் வளைக்க வேண்டியிருக்கிறது.

இடம் இருக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டால்?

அந்தக் கண்ணாடி லேசருக்கு முன்பே பிறந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹாரிசன் ஹூடும் மார்ட்டின் நார்ட்பெர்கும் 1930களில் ஒரு சிக்கலோடு மல்லுக்கு நின்றார்கள். தூய சிலிக்கா அருமையான கண்ணாடி, சூட்டைத் தாங்கும், அமிலத்தைத் தாங்கும். ஆனால் அதை உருக்கி வடிவம் கொடுக்க 2000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அவர்கள் சுற்று வழியில் போனார்கள். சிலிக்காவோடு போரான் ஆக்சைடும் சோடியம் ஆக்சைடும் சேர்த்து, எளிதில் உருகும் கண்ணாடி ஒன்றைச் செய்து, வேண்டிய வடிவத்தில் வார்த்தார்கள். பிறகு அதை 500, 600 டிகிரி வாக்கில் நெடுநேரம் வைத்தால், கண்ணாடி உள்ளுக்குள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதியில் சிலிக்கா அதிகம், இன்னொன்றில் சோடியம் போரேட் அதிகம். இரண்டும் தனித்தனிச் சொட்டுகளாக நிற்பதில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னி, எங்கும் அறுந்துபோகாமல் கண்ணாடி முழுக்க ஓடுகின்றன. சூடான அமிலத்தில் போட்டால் போரேட் பகுதி கரைந்து வெளியே வந்துவிடும். மிஞ்சுவது சுமார் 96 சதவீதம் சிலிக்காவாலான ஒரு கூடு. அதை 1200 டிகிரி வாக்கில் சூடாக்கினால் துளைகள் மூடி, கண்ணாடி கணிசமாகச் சுருங்கி, தெளிந்த கெட்டியான துண்டாக வருகிறது. வைகோர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அதுதான். அதற்கான காப்புரிமை 1938ல் வழங்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலகட்டத்தில் லெனின்கிராடில் இல்யா கிரெபென்ஷ்சிகோவும் இந்த வகைக் கண்ணாடிகள் அமிலத்தில் கரைவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஹூடுக்கும் நார்ட்பெர்குக்கும் துளை என்பது கடந்து போக வேண்டிய ஓர் இடைக்கட்டம். எனக்கோ அங்கேயே நின்றுவிடத் தோன்றுகிறது. கடைசிச் சூட்டைக் கொடுக்காமல் நிறுத்திய கண்ணாடியும் கிடைக்கிறது. கார்னிங்கின் 7930 அப்படிப்பட்டது. துளைகளின் சராசரி விட்டம் 4 நானோமீட்டர், கன அளவில் சுமார் 28 சதவீதம் காலி. ஒரு கிராம் கண்ணாடிக்குள் துளைச் சுவர்களின் மொத்தப் பரப்பு 250 சதுர மீட்டர் வாக்கில் வரும். ஒரு கிரவுண்டு மனையைவிடச் சற்றுப் பெரிது.

இதைக் கையாள்வது தனிப் பழக்கம். நாக்கு நுனியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு தாகம் அதற்கு. முழுக்கக் காய்ந்த நிலையில் லேசான நீலச் சாயலோடு தெளிவாக இருக்கும். முழுக்க நனைந்த நிலையிலும் தெளிவாக இருக்கும். நனைந்தது காயும்போது மட்டும், பாதி வழியில் பால் மாதிரி வெளுத்து, பிறகு மறுபடி தெளியும். காரணம், பாதி காய்ந்த நிலையில் காலியான துளைகள் கும்பல் கும்பலாக, ஒளியின் அலைநீளத்துக்கு ஈடான அளவில் சேர்ந்துவிடுகின்றன. தனித்தனி 4 நானோமீட்டர் துளை ஒளியின் கண்ணில் படுவதே இல்லை, கும்பல் படுகிறது. மேசையில் ஒரு துண்டு வெளுத்துத் தெளிவதைப் பார்த்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நான் இப்போதும் நின்று பார்ப்பேன்.

காற்றிலிருக்கும் கரிமப் பொருட்களையும் இது விடாமல் இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்தால் நாளடைவில் மஞ்சளிக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கித்தான் பழைய நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். இயற்பியல்காரர்களுக்கு இந்தக் கண்ணாடி வேறொரு விதத்திலும் பழக்கம். 2004ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம்மும் மோசஸ் சானும், திட ஹீலியம் உராய்வின்றி ஓடுவதற்கான அறிகுறி தெரிகிறது என்று அறிவித்தது வைகோர் துளைகளுக்குள் உறைந்த ஹீலியத்தை வைத்துத்தான். 2012ல் கருவியைத் திருத்தி அமைத்து மறுபடி அளந்து, அப்படி ஒன்றும் இல்லை என்று அவர்களே எழுதினார்கள்.

சரி, இதற்குள் லேசரைக் குவித்தால் என்ன ஆகும்? உருகிய சிலிக்காவின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 0.3 நியூட்டன். 2 நானோமீட்டர் ஆரமுள்ள துளைக்கு அதைப் போட்டுப் பார்த்தால், துளையை மூடத் தள்ளும் அழுத்தம் 3000 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். துளைகள் மூடுவதற்குத் தயாராகவே காத்திருக்கின்றன. கண்ணாடி கொஞ்சம் இளகினால் போதும். ஆனால் உலையில் மணிக்கணக்கில் நடப்பதை இங்கே மைக்ரோ விநாடிகளில் முடிக்க வேண்டும். அதனால் குவிமையத்தின் சூடு உலையின் 1200 டிகிரியை வெகுவாகத் தாண்ட வேண்டும். துளையுள்ள கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். ஒரு துடிப்பின் சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், சூடு மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வருகிறது. 100 பங்கு கன அளவுள்ள ஓர் உருளைப் பகுதி முழுதாக இறுகினால் 72 பங்குதான் மிஞ்சும். மீதி 28 பங்கு வெற்றிடம் எங்கே போகும்? சுற்றியுள்ள கண்ணாடி சூடாகவில்லை, கெட்டியாக நிற்கிறது. அது கூடவே சுருங்கி வராது. உலையில் இந்தப் பிரச்சினை கிடையாது, துண்டு முழுவதும் சேர்ந்தே சுருங்கிவிடும். கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு மட்டும் சுருங்கும்போது வெற்றிடம் எங்கேயாவது ஒதுங்கியே ஆக வேண்டும். ஆற்றல் மிதமாக இருந்தால் நடுப்பகுதி ஓரளவு இறுகும், அதைச் சுற்றி இழுபட்டுத் தளர்ந்த வளையம் ஒன்று உண்டாகும். ஒளிக்கு இது இரட்டை லாபம்; நடுவில் எண் கூடுகிறது, சுற்றி எண் குறைகிறது. ஆற்றலைக் கூட்டினால் நடுவே குழி விழும். அங்கிருந்த பொருள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு கெட்டியான ஓடு மாதிரி உறையும். இன்னும் கூட்டினால் விரிசல்தான். துளைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ஈரத்தை முன்கூட்டியே சூடாக்கி விரட்டவில்லையென்றால், அது ஆவியாகி விரிசலைச் சீக்கிரமே கொண்டுவந்துவிடும்.

இந்த இறுகும் நிலையையும் தளரும் நிலையையும் பொறுமையாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஐடிஎம்ஓ பல்கலைக்கழகக் குழுவினர். வாடிம் வெய்கோ அங்கே நெடுங்காலம் வழிநடத்திய லேசர் ஆய்வு மரபிலிருந்து வந்த வேலை அது. அதே ஊரில் கிரெபென்ஷ்சிகோவின் பெயரைத் தாங்கிய சிலிக்கேட் வேதியியல் நிறுவனம் இந்தக் கண்ணாடிகளைச் செய்கிறது. கண்ணாடி செய்பவரும் அதில் வரைபவரும் ஒரே ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று, கண்ணாடித் துண்டு கப்பலில் வரக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

எண்களைப் பார்ப்போம். கெட்டியான சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.458. அதில் 28 சதவீதம் காற்று என்றால், கலவைகளின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிட உதவும் லாரன்ட்ஸ்-லாரன்ஸ் சமன்பாட்டின்படி சுமார் 1.32 வருகிறது. துளைகளை முழுதாக மூட முடிந்தால் வேறுபாடு 0.14. திண்மக் கண்ணாடியில் ஆயிரத்தில் சில பங்குக்கே மல்லாடுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். நடைமுறையில் துளைகள் முழுதாக மூடுவதில்லை, 0.14 என்பது மேல் எல்லை. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல பிடி. முழு வேறுபாடும் கிடைத்தால் வேறு கட்டுப்பாடு வரும்: 1550 நானோமீட்டர் ஒளி ஒரே முறைமையில், அதாவது பாதைக்குள் ஒரே வடிவத்தில் பரவிப் போக, பாதையின் விட்டம் 2 மைக்ரானுக்குக் கீழே இருந்தாக வேண்டும். எழுதும் லேசரின் குவிமையமே ஏறக்குறைய அவ்வளவு அகலம்.

சிவப்பு லேசரை இந்தக் கோட்டுக்குள் விட்டுப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், பாதை முழுவதும் பளிச்சென்று தெரியும். பார்க்க அழகு. ஆனால் பக்கத்திலிருந்து தெரிகிறது என்றாலே ஒளி சிதறி வெளியே வருகிறது என்று பொருள். இந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசினால் வரும் முதல் கேள்வியும் அதுதான்: இழப்பு எவ்வளவு? சென்டிமீட்டருக்கு டெசிபல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதன் அலகு) கணக்கில் என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஆர்வம் வடிந்துவிடும்.

இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1966ல் சார்லஸ் காவோ, கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பைக் கொண்டுவந்தால் கண்ணாடி இழையில் தகவல் அனுப்பலாம் என்று கணக்கிட்டார். 1970ல் அதே கார்னிங் நிறுவனத்தில் மவுரர், கெக், ஷூல்ட்ஸ் மூவரும் 17ஐத் தொட்டார்கள். இன்று 0.2க்கும் கீழே. ஊர் விட்டு ஊர், கண்டம் விட்டுக் கண்டம் போகும் ஒளிக்கு இந்த எண்தான் உயிர். ஒரு சென்டிமீட்டர் சில்லுக்குள் போகும் ஒளிக்கு 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி மிஞ்சுகிறது. பாதி ஒளியை அளப்பது எந்த உணரிக்கும் கஷ்டமே இல்லை. சிதறலைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அது அலைநீளத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 633 நானோமீட்டரிலிருந்து 1550க்குப் போனால் 36ல் ஒரு பங்காகும். துளை அளவு விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் துளையின் விட்டம் இரட்டித்தால் ஒரு துளையின் சிதறல் 64 மடங்கு.

இந்த அலைவழி வேறு வேலைக்குப் பிறந்தது. பாதைக்குள் போகும் ஒளி முழுக்க உள்ளேயே அடங்குவதில்லை. எல்லையைத் தாண்டி ஓர் அலைநீள தூரம் வரை கொஞ்சம் வெளியேயும் பரவி நிற்கும். திண்மக் கண்ணாடியில் அந்த வெளிப்பகுதியும் கண்ணாடிதான், அங்கே எந்த மூலக்கூறும் வர முடியாது. எதையாவது உணர வேண்டுமென்றால் பக்கத்தில் பள்ளம் தோண்டிக் கொண்டுவர வேண்டும். துளைக் கண்ணாடியில் பள்ளம் தேவையில்லை. வெளியே ஒரு சொட்டு வைத்தால் அது தானாகவே ஊறி, ஒளி நிற்கும் இடத்துக்கே வந்துவிடும். நடுப்பகுதியில் துளைகள் பாதி மிஞ்சியிருந்தால் ஒளியின் பாதைக்குள்ளேயே வரும். 4 நானோமீட்டர் வாசல் என்பதால் தூசியும் நுண்ணுயிரும் வெளியே நின்றுவிடும், சிறிய மூலக்கூறுகள் மட்டும் உள்ளே போகும். வடிகட்டியும் உணரியும் ஒரே துண்டில்.

கணக்கைப் பாருங்கள். துளைகளில் தண்ணீர் நிறைந்தால் சுற்றுப்புறத்தின் எண் 1.32லிருந்து 1.42க்கு ஏறுகிறது. டொலுவீன் என்ற கரைப்பான் நிறைந்தால் 1.47 ஆகிவிடும், அது கெட்டிச் சிலிக்காவையே தாண்டியது. முழுதாக இறுகிய பாதையாக இருந்தால் அந்தக் கணமே பாதை ஒளியைப் பிடிக்கும் தன்மையை இழந்து, ஒளி நாலாபக்கமும் பரவிவிடும். தண்ணீர் வந்தால் பிடி தளர்கிறது, டொலுவீன் வந்தால் அறுகிறது. உணரிக்கு இதைவிடத் தெளிவான பேச்சு வேண்டுமா?

ஈரப்பதம்தான் தொல்லை. 4 நானோமீட்டர் துளையில் நீராவி எப்போது நீராகும் என்று கெல்வின் சமன்பாட்டில் போட்டால், ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தை நெருங்கும்போதே என்று வருகிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு 60 என்பது வறண்ட நாள். போதாததற்கு ஈரம் ஏறும்போது துளை நிறைவது ஓர் அளவில், இறங்கும்போது காலியாவது அதைவிடக் குறைந்த அளவில். ஒரே ஈரப்பதத்துக்கு உணரி இரண்டு பதில் சொல்லும், முன்பு நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா என்பதைப் பொறுத்து. இடையில் அந்த வெளுக்கும் கட்டம் வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் இதை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சுவர்களில் நீரை விரும்பாத மூலக்கூறுகளைப் பூசுவது ஒரு வழி. அப்படிப் பூசினால் துளை இன்னும் சுருங்கும், உள்ளே வர வேண்டியதும் மெதுவாகத்தான் வரும்.

இதே கண்ணாடியை வேறு திசையில் கொண்டுபோனவர்கள் ஷாங்காய் ஒளியியல் நிறுவனத்தின் யா செங் குழுவினர். 2010ல் அவர்கள் துளைக் கண்ணாடியைத் தண்ணீரில் மூழ்கடித்து, உள்ளே ஃபெம்டோசெகண்ட் லேசரால் குடைந்தார்கள். குடைந்த துகள் தண்ணீரோடு வெளியேறியது. பிறகு 1150 டிகிரி வாக்கில் சூடாக்கி எல்லா நுண்துளைகளையும் மூடிவிட்டார்கள். லேசர் குடைந்த கால்வாய் மட்டும் மிஞ்சியது. வேண்டிய நீளத்துக்கு, வேண்டிய வளைவுகளோடு கண்ணாடிக்குள் ஒரு குழாய். 2013ல் 50 நானோமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் செய்தார்கள். அபாரமான வேலை. ஆனால் துளைகளை மூடிவிடுவதால், நான் மேலே சொன்ன உணரும் குணம் அதில் போய்விடுகிறது.

துளைகளைத் திறந்தே வைக்க விரும்பினால் இன்னொரு கஷ்டம் வந்து நிற்கிறது, அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரிகூடச் சில சமயம் இருக்காது. பாதையின் முனையில் ஒளியிழையை ஒட்ட வேண்டும். வழக்கமாகப் புற ஊதா ஒளியில் இறுகும் பசை ஒரு சொட்டு வைப்போம். இந்தக் கண்ணாடி அந்தப் பசையையும் குடித்துவிடும். பசை உள்ளே ஊறி, பாதையின் முனையில் சுற்றுப்புறத்தின் எண்ணை ஏற்றிவிடுவதால், ஒளி நுழையும் இடத்திலேயே பிடி போய்விடுகிறது. முனையைப் பளபளப்பாக்குவதிலும் அதே கதை: தேய்க்கும் குழம்பின் நீர்மமும் உள்ளே போகும்.

இதற்கும் லேசரிடமே மருந்து இருக்கிறது என்று நம்புகிறேன். கண்ணாடித் தகட்டுக்குள் குறுக்கே ஒரு சுவர் மாதிரி துளைகளை இறுக்கிவிட்டால், திரவம் அந்தச் சுவரைத் தாண்டாது. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு தடுக்கும். தகட்டுக்குள் இப்படித் தடுப்புகள் எழுதுவதைப் பீட்டர்ஸ்பர்க் குழுவே காட்டியிருக்கிறது. முனைக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே அப்படி ஒரு தடுப்பை எழுதி, பாதை மட்டும் அதை ஊடுருவிப் போகும்படி விட்டால், பசை தடுப்புக்கு வெளியே நின்றுவிடும். உணர வேண்டிய பகுதி உள்ளே திறந்திருக்கும். தடுப்பும் பாதையும் ஏறக்குறைய ஒரே எண் கொண்டவை என்பதால், சந்திக்கும் இடத்தில் ஒளி பக்கவாட்டில் ஓடிவிடப் பார்க்கும். தடுப்பை எவ்வளவு மெல்லியதாக எழுதினால் பசையும் தாண்டாது, ஒளியும் ஓடாது என்பதுதான் இப்போது நான் அளந்துகொண்டிருப்பது.